தலை இருக்கட்டும்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். கீழே போகும் அம்புக்குறியை ஒரு தட்டு, பக்கத்திலிருக்கும் பெரிய பட்டனை ஒரு தட்டு. ஜன்னல் படம் வரும். அது எனக்கு. எதையும் தட்டாமல் விட்டால் வாத்துப் படம் வரும். அது என் மருமகள் மெஹ்ரீனுக்கு. ஒரே பெட்டிக்குள் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி. "அது வாத்து இல்ல மாமி, பென்குயின்" என்று அவள் பத்து தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு வாத்துதான்.

என் தேவை ரொம்பச் சின்னது. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் குவைத்திலிருந்து என் மகன் முதாசிர் கேமராவில் வருவான். அவன் சாப்பிட்டானா, இளைத்திருக்கிறானா என்று நான் பார்க்க வேண்டும். மூன்று வாரமாக அதற்கும் வழியில்லை. ஜன்னல் பக்கம் வைரஸ் பிடித்து, கேமராவைத் திறந்தாலே எல்லாம் அப்படியே நின்றுவிடும். மெஹ்ரீனிடம் சொன்னால், "எனக்குப் பரீட்சை முடியட்டும் மாமி, நானே சரி பண்ணித் தரேன்" என்றாள். அவள் எம்.சி.ஏ. கடைசி வருஷம். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற புரோகிராம் ஒன்றை எட்டு மாதமாக வாத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை வெளியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வருவார். சிபியூவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். பெருங்குடியில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது, பாஸ் ஆனால் மட்டும்.

சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம். பொறுமை என்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. வெள்ளிக்கிழமை காலை ரிப்போர்ட்டை பைண்டிங் பண்ண அவள் குரோம்பேட்டைக்குக் கிளம்பியதும், மெக்கானிக் எட்மண்டுக்குப் போன் போட்டேன். எங்கள் கீழ்க்கட்டளையில் பாதி வீட்டுக் கம்ப்யூட்டர் அவன் கைப்பட்டதுதான். வந்தான், ஒரு சிடியைப் போட்டான், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டான்.

"புத்சு மாதிரி ஆயிடுச்சும்மா" என்றான்.

உண்மைதான். போட்டதும் கறுப்புத் திரை, இரண்டு வரி எதுவும் இல்லை. நேராக ஜன்னல் படம். பதினோரு மணிக்கு என் பிள்ளையின் முகம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. மூக்கில் ஒரு பரு வந்திருப்பதுகூடத் தெரிந்தது. நான் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்று மணிக்கு மெஹ்ரீன் வந்தாள். கம்ப்யூட்டரைப் போட்ட சத்தம் கேட்டது. பிறகு அணைத்துப் போட்ட சத்தம். மறுபடியும். அப்புறம் அவள் தன் தோழி அஞ்சலியிடம் போனில் பேசுவது சமையலறை வரைக்கும் வந்தது.

"அஞ்சு, அம்மா வீட்டைக் காணோம்டி. மாமியார் வீடு மட்டும்தான் வருது. எட்டு மாசமா எல்லாத்தையும் அம்மா வீட்டுலதானே வெச்சிருந்தேன்? இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டாங்களா, இருக்கான்னே தெரியல."

அழுகிற குரல். அவள் அம்மா வீடு மாடம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில். ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்துவிட்டார்களா? நகையெல்லாம் எட்டு மாதமாக அங்கேயா வைத்திருந்தாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்? கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். உடனே சம்பந்தி ஷபீனாவுக்குப் போன் போட்டேன். கல்யாணத்தில் பிரியாணிக்கு உப்புக் குறைச்சல் என்று நான் சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சு அளவோடுதான்.

"சம்பந்தி, வீடு இருக்கா?" என்றேன்.

"எந்த வீடு?"

"உங்க வீடுதான்."

"நான் உள்ளதான் உக்காந்திருக்கேன் சம்பந்தி. உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

போனை வைத்துவிட்டு மெஹ்ரீனிடம் போய் நின்றேன். "வீடு வீடுன்னு என்னடி பேசறே? உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். கறுப்புத் திரையில் வரும் இரண்டு வரிக்கும் அவளும் அஞ்சலியும் பெயர் வைத்திருக்கிறார்கள். வாத்துப் பக்கம் அம்மா வீடு. ஜன்னல் பக்கம் மாமியார் வீடு. மூன்று வருஷமாக நான் அம்புக்குறியைத் தட்டித் தட்டி மாமியார் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன், படித்துப் பார்க்காமலே. ஜெயிலைத்தான் ஊரில் மாமியார் வீடு என்பார்கள். வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு வாரம் நான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். ஆனால் அவள் அடுத்ததாக, "யாராவது வந்தாங்களா மாமி?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் வெறுமனே நாற்காலியில் உட்கார்ந்தாள். சிடியில் காப்பி ஒன்று இருக்கிறதாம், ஜனவரி மாதத்தது. பாதி வேலைகூட அதில் இல்லையாம்.

"எட்மண்ட் அண்ணன் உங்ககிட்ட எதுவும் கேட்டாரா மாமி? எதையாவது அழிக்கவான்னு?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கேட்டான். நீலத் திரையைப் பார்த்தபடி உள்ளேயிருந்து கத்தினான்: "ம்மா, இதுல இன்னோரு எடம் பெர்சா கீது. இன்னாதுன்னே தெர்ல. தூக்கிடவா, இருக்கட்டுமா?"

அதே நேரத்தில் வாசலில் மீன்காரி முத்தாலம்மாள் கொடுவா மீனை அரிவாள்மனையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "பாயம்மா, தலைய நான் எத்துகினு போவவா, இருக்கட்டுமா?"

இரண்டு பேருக்கும் சேர்த்து என்னிடமிருந்து ஒரே பதில்தான் போயிருக்கும். அந்தப் பதில் என்ன என்பதுதான் தெரியவில்லை. எங்கள் வீட்டில் தலை முதாசிருக்கு. அவன் குவைத் போன இரண்டு வருஷமாக, "தலைய எடுத்துக்கோ" என்று முத்தாலம்மாளிடம் சொல்வதுதான் என் வழக்கம். ஆனால் அன்றைக்குக் காலை, இன்றைக்குத் தலை இருக்கட்டுமே என்று ஒரு எண்ணம் வந்தது. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மனசுக்குள் நினைத்ததோடு நின்றேனா, வாய்விட்டுச் சொன்னேனா? வழக்கப்படி "எடுத்துக்கோ" என்று வாய் முந்திக்கொண்டிருந்தால், எட்மண்டும் அதைக் கேட்டிருந்தால், எட்டு மாதம் போயிற்று. அவனுக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

அஞ்சலி அரை மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். வாத்தை முதன்முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். ஒரு சிடியைப் போட்டுவிட்டு, "இருந்தா பத்து நிமிஷ வேலை ஆன்ட்டி. அந்த அண்ணன் தூக்கியிருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சமையலறைக்கு ஓடினேன். முத்தாலம்மாள் மீனை நறுக்கிப் போட்டுக் கொடுத்த சட்டியை, மகனைப் பார்க்கிற அவசரத்தில் திறந்துகூடப் பார்க்காமல் ஃபிரிட்ஜில் தள்ளியிருந்தேன். பிஸ்மி சொல்லி, மேலே மூடியிருந்த தட்டைத் தூக்கினேன்.

துண்டுகளுக்கு நடுவில் கொடுவாத் தலை வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது.

நான் சொல்லாமல் முத்தாலம்மாள் தலையை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. அப்படியானால் வாய்விட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். எட்மண்டும் அதைத்தான் கேட்டிருப்பான். சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். "இருக்கு, பயப்படாதீங்க. இருக்கு" என்றேன்.

இரண்டு பெண்களும் சட்டியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். சற்று முன் சம்பந்திக்கு என் உடம்பைப் பற்றி வந்த அதே கவலை அவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். அஞ்சலி மட்டும் கீபோர்டில் ஏதோ ஒரு வரி அடித்தாள். கம்ப்யூட்டர் பதிலுக்கு ஒரு பட்டியலைக் காட்டியது. அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் சட்டியைக் கீழே வைக்கவில்லை.

"மெஹ்ரீ, இருக்குடி" என்றாள். "உன் ஃபோல்டர், உன் புரோகிராம், எல்லாம் அப்படியே இருக்கு."

மெஹ்ரீன் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் சட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

"அப்போ ஏன் வரலை?" என்று கேட்டேன்.

"வீடு இடியல ஆன்ட்டி. இந்தப் பக்கம் போனா இந்த வீடு, அந்தப் பக்கம் போனா அந்த வீடுன்னு தெருமுனையில ஒரு போர்டு இருந்துச்சு. விண்டோஸ் வந்து அதைக் கழட்டிட்டு, தன்னோட போர்டை மாட்டிக்கிச்சு. அதோட கண்ணுக்கு இன்னொரு வீடு இருக்கறதே தெரியாது."

சில மாமியார்களுக்கும் அந்த வியாதி உண்டு.

அஞ்சலி இன்னும் இரண்டு வரி அடித்தாள். முடிந்தது என்று அது சொன்னதாம். சிடியை எடுத்துவிட்டு அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரை வந்தது. அதில் பழைய இரண்டு வரியும் வந்தன. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். இந்தத் தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இங்கிலீஷ் எழுத்தில் முதல் வரி அம்மா வீடு, இரண்டாவது மாமியார் வீடு.

மெஹ்ரீன் என் முகத்தைப் பார்த்தாள். "சும்மா விளையாட்டுக்கு வெச்சது மாமி. இப்பவே பேரை மாத்திடறேன்."

"இருக்கட்டும்" என்றேன். "இனிமே எதைத் தொட்டாலும் எனக்குப் பயம். பரீட்சை முடியற வரைக்கும் அந்த போர்டோட ஆணியக்கூட யாரும் அசைக்காதீங்க."

மறுநாள் அந்த எக்ஸாமினர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பெருங்குடி வேலையும் கிடைத்துவிட்டது. அதையெல்லாம்விட எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாடுதான். மஃரிப் தொழுதுவிட்டுக் குழம்பு வைத்தேன். மெஹ்ரீன் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு, தலையை எடுத்து அவளுக்கு வைத்தேன்.

"இது அவருக்குத்தானே மாமி எடுப்பீங்க? அவர்தான் இல்லையே, இன்னைக்கு எதுக்குத் தலைய வைக்கச் சொன்னீங்க?"

"உனக்குத்தான். கல்யாணப் பேச்சு வந்தப்பவே உங்கம்மா சொன்னாங்க, மீன் தலைன்னா உனக்கு உசுருன்னு. மூணு வருஷமா நானும் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. நாளைக்குப் பரீட்சையாச்சேன்னு காலையில தோணுச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மீன் தலையைப் பிட்டு, கன்னத்துச் சதையை முள் பார்த்து எடுத்து, என் தட்டில் வைத்தாள்.

"இருக்கட்டும், நீ சாப்பிடு" என்றேன்.

அவள் கேட்கவில்லை. அடுத்த கன்னத்தையும் எடுத்து வைத்தாள்.