செல்லாத இருநூற்றுப் பன்னிரண்டு

காலை எட்டு மணிக்கே மாமனார் தேர்தலில் தோற்கத் தொடங்கிவிட்டார். நாற்பத்து மூன்று வருடங்களாக வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் தோற்பது வழக்கம். கேட்க ஓர் ஆள் அகப்பட்டால் போதும். அன்றைக்கு அகப்பட்டவர் சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பர். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்ததால் அவரால் ஓடவும் முடியவில்லை. "மூணு லட்சத்துச் சொச்சம் ஓட்டு. வித்தியாசம் எவ்வளவு? சொல்லுங்க பாப்போம்" என்றார் மாமனார். "முப்பத்தேழு" என்று தொட்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. ஊருக்கே தெரிந்த கணக்கு. மாமனாரின் பட்டப்பெயரே முப்பத்தேழுதான். வீட்டின் கதவு எண் பதினொன்று. ஆனால் 'முப்பத்தேழு வீடு' என்று விசாரித்தால்தான் தபால்காரருக்கே வழி தெரியும்.

மேசையில் உட்கார்ந்திருந்த மருமகள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணிக்குள் அவள் தன் புத்தகத்தை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம் மட்டும் பாக்கி. அது இந்த முப்பத்தேழின் பக்கம்.

அவள் நகர நூலகத்தில் வேலை பார்க்கிறாள். எல்லைகளை மாற்றி வரைந்ததில் அடுத்த தேர்தலிலிருந்து இந்த நாடாளுமன்றத் தொகுதியே கிடையாது. அக்கம்பக்கத்துத் தொகுதிகள் மூன்றும் இதைப் பங்கு போட்டுக்கொள்ளப் போகின்றன. அதற்குள் இந்தத் தொகுதி கண்ட பதினான்கு தேர்தல்களின் கதையையும் எழுதி வைத்துவிடலாம் என்று நூலகம் முடிவு செய்து, பொறுப்பை அவள் தலையில் கட்டியது. அவளும் ஆசையாகத்தான் எழுதினாள். துறைமுகத்துக்கும் சந்தைக்கும் நடுவில் பிறந்த தொகுதி. முதல் மூன்று தடவை ஒரு வக்கீல் ஜெயித்தார். அத்தனை வருடத்தில் சபையில் அவர் இரண்டு முறை வாய் திறந்தார், அதில் ஒன்று ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்காக. நான்காவது தேர்தலுக்கு முன்னால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு மில் குடியிருப்புகளைச் சேர்த்தார்கள். வக்கீலின் காற்று இறங்கியது. அப்புறம் ஜவுளி வியாபாரி, டாக்டர், ஜெயித்த மறுநாளே கட்சி மாறிய ஒரு புண்ணியவான் என்று வரிசை போகிறது. எல்லோரும் எல்லாத் தேர்தலிலும் வாக்குக் கொடுத்த மேம்பாலம் பதிமூன்றாவது தேர்தலுக்குப் பிறகு ஒருவழியாக வந்து சேர்ந்தது.

ஐந்தாவது தேர்தல்தான் மாமனாருடையது. அப்போது அவர் பஸ் டிப்போ தொழிற்சங்கத்தின் செயலாளர். எதிரே ஜவுளி வியாபாரி. மில் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் பத்துக்கு எட்டு ஓட்டு மாமனாருக்கு விழும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சாவடியிலிருந்து வந்த பெட்டியில்தான், பின்பக்கம் சாவடி அதிகாரியின் முத்திரை குத்தாத சீட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. முத்திரை இல்லாத சீட்டு செல்லாது. மாமனார் முப்பத்தேழில் தோற்றார். சாவடியின் அதிகாரி அந்தப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். 'ஒரு முத்திரைக்கு விலைபோன மனிதன்' என்று மாமனார் மேடைக்கு மேடை அவரைக் கிழித்தார். மாஸ்டருக்குப் பதவி உயர்வு நின்றது. அவர் வீட்டுச் சுவரில் யாரோ தாரால் விலை எழுதிவிட்டுப் போனார்கள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. இரு குடும்பத்துக்கும் இன்றுவரை முகம் பார்த்துப் பேச்சில்லை.

மாஸ்டர் தினமும் நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வருவார். போன வாரம் தயங்கித் தயங்கி மருமகளின் மேசைக்கு வந்தார். "அந்தத் தேர்தலும் வருமாம்மா?" என்று கேட்டார். வரும் என்றாள். "விலைபோனேன்னு மட்டும் எழுதிடாதம்மா. பேத்தி படிக்கற வயசு" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. தேர்தல் அலுவலகம் அனுப்பிய பழைய பெட்டிகளை நேற்று ஒன்றுவிடாமல் கொட்டிப் பார்த்தாள். இரண்டு காகிதங்கள் கிடைத்தன. ஒன்று, விசாரணையில் மாஸ்டர் எழுதிக் கொடுத்த விளக்கம்: நண்பகல் கூட்டத்தில் உதவியாளர் மயங்கி விழுந்தார், அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பரபரப்பில் ஒரு மணி நேரம் முத்திரை குத்த மறந்துபோனேன், தவறு என்னுடையது மட்டுமே. இன்னொன்று, சாவடியில் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் வந்துபோன நேரத்தைக் குறிக்கும் பதிவேடு. சீட்டின் முதுகில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஏஜெண்டுகளின் தலையாய வேலை. மாமனாரின் ஏஜெண்ட் வெளியே போனது பன்னிரண்டு ஐந்து. திரும்பியது ஒன்று நாற்பது. பக்கத்தில் இருந்த கையெழுத்து, இன்றைக்கும் பால் கணக்கு நோட்டில் அவள் தினமும் பார்க்கும் மாமியாரின் கையெழுத்து.

மருமகள் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அவளுக்குப் பயமாக இருந்தது. மாமியார் தன்னை மகளாக நடத்தினார் என்று சொன்னால் மாமியாருக்கே சிரிப்பு வரும். மனுஷியாக நடத்தினார், அது அதைவிடப் பெரிது. அந்த மனுஷியை நாற்பது வருடக் கோபத்துக்கு முன்னால் எப்படி நிறுத்துவது? கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியாரிடம், "அத்தை, மில் பள்ளிக்கூட பூத்துல நீங்கதானே ஏஜெண்ட்?" என்றாள்.

மாமியார் கையிலிருந்த சட்டையை உதறினார். "பன்னெண்டு அஞ்சுக்குப் போனேன். ஒன்னு நாப்பதுக்கு வந்தேன்" என்றார்.

மருமகள் கிளிப் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"உன் புருஷனுக்கு அப்ப எட்டு மாசம். புட்டிப் பாலைத் துப்பிட்டு ஊரைக் கூட்டறான்னு பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தா. 'போய்ப் பாலைக் குடுத்துட்டு வாங்கம்மா, ஓட்டு எங்கயும் ஓடிடாது'ன்னு மாஸ்டர்தான் அனுப்பினார். இருநூத்துப் பன்னெண்டு ஓடிடுச்சு." சட்டைக்குக் கிளிப் மாட்டினார். "இன்னிக்கு நடந்தாலும் போவேன். புள்ள பசியில கத்தினா நாடாளுமன்றம் காத்திருக்கணும். அதுல எனக்கு வெக்கமே கெடையாது. சொல்லாம இருந்தேன் பாரு, அதுலதான்."

"ஏன் அத்தை சொல்லல?"

"மொத வாரம் அவர் பச்சத் தண்ணி குடிக்கல. அது சொல்ற நேரமா? அப்புறம் மேடை ஏறி மாஸ்டரைத் திட்ட ஆரம்பிச்சார். ஜனம் கை தட்டிச்சு. சரி, ஒரு வருஷம் போகட்டும்னு இருந்தேன். போனப்புறம், ஒரு வருஷமா ஏன் சொல்லலன்னு கேப்பாரே! இப்படியே வளந்துபோச்சு."

"வேணாம் அத்தை. அதிகாரியோட மறதின்னு மட்டும் போட்டுடறேன். மாஸ்டருக்கும் நல்லது."

"போட்டா உன் மாமனார் நம்புவாரா? ஏஜெண்ட் கண்ணு முன்னாடி எப்படி மறக்கும்னு நாப்பத்து மூணு வருஷமா அதைத்தானே கேக்கறார்." கடைசித் துணியையும் போட்டுவிட்டுக் காலி வாளியை எடுத்துக்கொண்டார். "எழுது. ஏஜெண்ட் எந்திரிச்சுப் போனதையும், அது வேட்பாளரோட பொண்டாட்டின்னும் எழுது. ஆனா அவர் அதை அச்சுல பாக்கறதுக்கு முன்னாடி என் வாயால கேக்கணும்."

மாமியார் ஒரு கம்பெனியின் டெலிபோன் போர்டில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். காதில் விழுந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்வதுதான் அந்த வேலையே. ஆனால் அன்று படியிறங்கிய வேகத்துக்கு மருமகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

கீழே மாமனார் உச்சகட்டத்துக்கு வந்திருந்தார். "கண்கொத்திப் பாம்பு மாதிரி இவ உக்காந்திருக்கா. இவ கண்ணுலயே மண்ணைத் தூவிட்டான்னா அவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பான்!"

"இவ உக்காந்திருக்கல" என்றார் மாமியார்.

பிளம்பர் நைசாக எழுந்திருக்கப் பார்த்தார். "இருங்க தம்பி. பொய்யைக் கேட்டீங்கல்ல, மெய்யையும் கேட்டுட்டுப் போங்க" என்று அவரை மாமியார் அப்படியே படுக்க வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அழைப்பு வந்த நேரத்தையும் ஆளையும் படித்துக் காட்டுவதுபோல வரிசையாகச் சொன்னார். குழாய் சொட்டுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ போனது அவனுக்குத் தெரியுமா?" என்றார் மாமனார் கடைசியில்.

"அவர்தானே அனுப்பினார்."

"விசாரணையில அதைச் சொல்லியிருந்தா பாதிப் பழி நம்ம தலையில விழுந்திருக்குமே."

மருமகள் மாஸ்டரின் விளக்கத்தின் நகலை நீட்டினாள். மாமனார் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். மைக் இல்லாமலே மைதானத்தை நிறைத்த தொண்டை அவருடையது. இப்போது உதடு மட்டும் அசைந்தது. கடைசி வரிக்குப் போய், திரும்ப மேலே வந்து, மறுபடி கடைசி வரிக்குப் போனார். மனைவியை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் மருமகள் நினைத்தாள். "ஏண்டி, அவன் வீட்டுச் சுவத்துல தார் பூசினப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். மாமியார் அதற்குத்தான் தலை குனிந்தார்.

"புஸ்தகம் எத்தனை மணிக்குப் போகணும்?"

"நாலு மணிக்கு மாமா."

"அப்படியே போகட்டும். நான் மேடையில அவனைச் சொன்னதையும் போடு. ஒரு வார்த்தை விடாம போடு." உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான் ஒன்று மாறியிருந்தது. யாரும் சொல்லத் துணியவில்லை. மாமியாரும் செருப்பைப் போட்டார்.

"நீ எதுக்கு?"

"போன தடவை நான் இல்லாமப் போனதுலதான் எல்லாம் கெட்டுது" என்றார் மாமியார்.

மருமகளும் கிளம்ப, தெருவில் மூவரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். மாஸ்டர் வீட்டு இரும்புக் கேட்டுக்கு முன்னால் வந்ததும் மாமனார் நின்றார். முன்வாசலில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்தார். முதலில் மாமனாரை, பிறகு அவருக்குப் பின்னால் நின்ற மாமியாரைப் பார்த்தார். அவரிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தார்.

கேட்டின் தாழ் துருப்பிடித்து இறுகியிருந்தது. அந்த வீட்டார் பக்கத்துச் சந்து வழியாகத்தான் புழங்குவார்கள் போலிருந்தது. மாஸ்டர் உள்ளிருந்து இழுத்தார். மாமனார் இரண்டு கையையும் கம்பியில் வைத்து வெளியிலிருந்து தள்ளினார். துருத் தூள் இரண்டு பேர் விரலிலும் உதிர்ந்தது. தாழ் அசையவில்லை. இருவரும் ஒரு கணம் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, மறுபடியும் சேர்ந்து பிடித்தார்கள்.