ஆளில்லாத மைக்

எங்கள் ரங்கூனில் ஒரு சுவரொட்டியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அது என்ன சொல்கிறது என்பதை மட்டும் வாயால் சொல்லக்கூடாது. சொல்பவர் எவரோ, அவருடையதாகிவிடும் அந்தப் பொருள். வரைந்தவர் தப்பிக்கலாம், அச்சடித்தவரும் ஒட்டியவரும்கூடத் தப்பிக்கலாம்; இது இன்னதைக் குறிக்கிறது என்று முதலில் வாய்திறந்தவருக்குத் தப்ப வழியில்லை. இந்த விதியை எவரும் எழுதி வைக்கவில்லை. தணிக்கை அலுவலகத்தாரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்தாம். ஒரு படத்தில் தாங்கள் கண்டதை அவர்கள் சொல்லிவிட்டால், அந்த எண்ணம் உனக்கு எப்படி வந்தது என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள்.

பல்கலைக்கழகம் திறந்திருக்கும் மாதங்களில் நான் அங்கே இலக்கியத் திறனாய்வு கற்பிக்கும் சயாமா, அதாவது ஆசிரியை. பொருளைச் சொல்வதே தொழிலாக உள்ள ஒருத்திக்கு இப்படியொரு ஊர். கவிதைகளோடு நிறுத்திக்கொண்டதால் இதுவரை பிழைத்திருந்தேன்.

என் தம்பி மோ ஹெய்ன் ராக் இசைக் கேசட்டுகளுக்குச் சுவரொட்டி வரைபவன். 'கல்மழை' குழுவின் நான்கு ஆல்பங்களுக்கும் அவன்தான் வரைந்தான். ஐந்தாவது வருவதற்குள் அந்தக் குழுவின் பாடகர் லின் தெய்க்கை, கோடையில் ஒரு நாள், தேநீர்க்கடையிலிருந்து அழைத்துப் போனார்கள். குடித்து முடிக்காத கோப்பையைக் கடைக்காரர் மாலைவரை எடுக்கவில்லை. பாட்டுகளை வேறொருவர் மீண்டும் பாடினார். லின் தெய்க்கின் பெயரோ முகமோ சுவரொட்டியில் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. இரண்டும் இல்லாமலே தம்பி வரைந்தான்: கறுப்புப் பின்னணி, மேலிருந்து ஒரு விளக்கொளி, அதன் கீழே, கம்பியில் பொருத்திய, ஆளில்லாத ஒரு மைக்.

ஊர் முழுவதும் அது ஒட்டப்பட்டது. சுவருக்கு எதிரே வரும்போது மக்களின் நடை தளர்ந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. அந்த வாரமே தணிக்கை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது: ஓவியர், படத்தை விளக்கவல்ல ஒருவரோடு நேரில் வரவேண்டும்.

"அக்கா, நீ வருவியா?" என்றான். மொஹிங்கா நூடுல்ஸ் கிண்ணம் அவன் முன்னே ஆறிக்கொண்டிருந்தது.

"நான் வராம, அச்சகத்துக்காரரையா கூட்டிட்டுப் போவ? அவரு உத்தரவத் தலைகீழாப் பிடிச்சுப் படிப்பாரு."

அவன் சிரிக்க முயன்றான். உதடு மட்டும் அசைந்தது.

அன்று முழுவதும் மழை. அறைத் தரையில் பழைய சுவரொட்டிகளையெல்லாம் பரப்பி வைத்து ஆராயத் தொடங்கினேன். ராக் சுவரொட்டிக்கும் யாப்பு உண்டு என்று அதற்குமுன் நான் நினைத்ததில்லை. பாடகரின் முகம் மேற்பாதியை நிறைக்கும். ஒளி ஒரு கன்னத்தில் மட்டும் விழும். மற்ற வாத்தியக்காரர்கள் கீழே சிறு தலைகளாக வரிசை கட்டுவார்கள். வட்ட வட்டமான எங்கள் எழுத்துகளுக்கு முள் முளைத்திருந்தால் அது ராக். முள் இல்லையென்றால் காதல் பாட்டு. அடியில், ஊர்ந்து போகும் எறும்பளவில், அனுமதி எண். முகத்திற்குப் பதிலாகக் கழுகு, சங்கிலி, நெருப்பு என்று ஏதேனும் சின்னத்தை வைப்பவையும் உண்டு. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் முகமும் இல்லாமல் சின்னமும் இல்லாமல் வெறும் நாற்காலியையோ கதவையோ காட்டும் விளம்பரங்களைக் கண்டேன். அவற்றைக் கண்டதும் மூச்சு வந்தது. வெறுமையும் ஒரு மரபு என்று நிறுவிவிட்டால் போதும். திரும்பத் திரும்ப ஆளப்படும் வடிவம் தன் பொருளை இழந்து வெறும் அணியாகிவிடுகிறது என்று வாதிடலாம். தம்பியின் மைக்கும் அப்படியோர் அணிதான்.

பிறகு, பயத்தினால்தான், அவன் வரைந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதல் நான்கிலும் லின் தெய்க் மைக்கைத் தன் இடது தோளை நோக்கிச் சாய்த்துப் பிடித்திருந்தார். அவர் பிடிக்கும் விதம் அது. ஐந்தாவதில் பிடிக்க ஆளில்லை. மைக் அதே பக்கம், அதே அளவு சாய்ந்திருந்தது. பிடிப்பாரின்றி எந்த மைக் கம்பியும் அப்படி நிற்காது. மேலிருந்து விழுந்த ஒளியும் மைக்கின்மேல் விழவில்லை. அதற்குச் சற்றுப் பின்னால், ஒரு நெற்றி இருக்கவேண்டிய உயரத்தில் விழுந்தது. அது வெறுமை அன்று. ஓர் ஆளின் உருவப்படம், ஆள் மட்டும் இல்லாமல்.

தெருக்கதவு தாழிட்டிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

"மைக் ஏன்டா சாயுது?"

அறை வாசலில் நின்றிருந்த தம்பி தரையைப் பார்த்தான். "தெரியலக்கா. கை அப்படிப் போயிடுச்சு."

ஐந்தையும் தனித்தனியாகச் சுருட்டி வைத்தேன்.

அதிகாரி ஊ ஸோ தின் பருத்த, சிரித்த முகத்தினர். அவர் சிரித்ததுதான் எனக்கு அதிகம் அச்சமூட்டியது. மேசையில் எங்கள் சுவரொட்டி விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதனருகில், பத்திரிகைகளில் வேண்டாத வரிகளை மறைக்க அந்த அலுவலகம் பயன்படுத்தும் வெள்ளிநிற மை, ஒரு தூரிகையோடு இருந்தது. மூலையில் ஓர் எழுத்தர் தட்டச்சு இயந்திரத்தின்மேல் விரல் வைத்துக் காத்திருந்தார்.

"உக்காருங்க சயாமா. டீ குடிங்க. பயப்படாதீங்க, டீக்கு அனுமதி எண் வேண்டாம்." தம்பியைப் பார்த்தார். "நீதான் ஓவியரா? முடிய வெட்டக் கூடாதாப்பா? கண்ணே தெரியல, எப்படி வரையிற?"

"வெட்டிடறேன் ஐயா."

"என் பொண்ணு ரூம் கதவுல இத ஒட்டி வச்சிருக்கா. ஏம்மா ஒட்டினேன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லாம என்னையே பாத்தா. நானும் அதுக்கு மேல கேக்கல." சிரிப்பு நின்றது. "நான் இதுல எதையும் பாக்கல சயாமா. நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

தயாரித்ததையெல்லாம் சொன்னேன். முகம், சின்னம், வெறுமை. முள் எழுத்து, ஒற்றைக் கன்னத்து ஒளி. வெளிநாட்டு நாற்காலி, வெளிநாட்டுக் கதவு. என் குரல் வகுப்பறைக் குரலாகவே ஒலித்தது. மைக்கின் சாய்வைச் சொல்லாமல் விட்டேன்.

"அப்போ, இதுல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல ஐயா. வெறும் பாணி."

"எழுதிக்கோப்பா, ஒண்ணுமில்லைன்னு." தட்டச்சு ஒலித்தது. தம்பியின் தோள் மெல்லத் தளர்வதைக் கண்டேன். முடிந்தது என்றே நினைத்தேன்.

ஊ ஸோ தின் வெள்ளி மையைத் தம்பியின் பக்கம் நகர்த்தினார். "ரெண்டாவது தடவ அச்சடிக்கணும்ல? ஒண்ணுமில்லாத எடத்த ஏன் சும்மா விடணும்? மைக்குக்குப் பின்னால ஒரு பூந்தொட்டி வரைஞ்சு குடு. பாக்கவும் நல்லாருக்கும், என் பொண்ணும் கிழிச்சுப் போட்டுடுவா."

தம்பி தூரிகையை மையில் தோய்த்தான். தாளுக்கு மேலே கொண்டுபோனான். சரியாக அந்த நெற்றியின் உயரத்தில் கை நின்றது. ஒரு துளி மேசையில் சொட்டியது. மீண்டும் முயன்றான், கை மறுபடியும் அங்கேயே நின்றது. வரைய மறுக்கும் துணிச்சல் அவனுக்குக் கிடையாது. அவனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"என்னப்பா, கை ஏன் நிக்குது? ஒண்ணுமில்லாத எடம்தானே?"

"வரைஞ்சிடறேன் ஐயா."

"வரை. யாரு அங்க நின்னுக்கிட்டு உன்ன மறிக்கிறா..."

சொல்லி முடிக்கும் முன்பே அவர் வாய் மூடிக்கொண்டது. தட்டச்சு நின்றது. எழுத்தர் நிமிர்ந்து தன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரியும் எழுத்தரைப் பார்த்தார். அந்தப் பருத்த முகம் வெளிறுவதைக் கண்கூடாகக் கண்டேன். அவரும் அந்த இடத்தில் ஓர் ஆளைப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்வதற்கு ஒரு சொல் தூரம்வரை வந்துவிட்டார். இனி அதை வேறொருவர் தலையில் இறக்கியாக வேண்டும்.

"நீ சொல்லு தம்பி," என்றார் மிக மெல்ல. "ஏன் கை நிக்குது? நீயே உன் வாயால சொல்லு. சொல்ற வரைக்கும் நீ இங்கேருந்து போகப் போறதில்ல."

தம்பியின் உதடுகள் பிரிந்தன. அவனுக்குப் பொய் வராது, சிறுவயதிலிருந்தே வராது. அவன் சொல்லிவிட்டால் வரைந்த கையும் சொன்ன வாயும் ஒருவனுடையவை ஆகிவிடும்; பிறகு எந்த மரபைக் காட்டியும் அவனை மீட்க முடியாது. அவன் மூச்சை இழுத்தான். நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவன் கிட்ட கேக்காதீங்க ஐயா. அவனுக்கு வரையத்தான் தெரியும், படிக்கிறது நான். அங்க லின் தெய்க் நிக்கிறாரு. மைக்க அவர்தான் சாய்ச்சுப் பிடிச்சிருக்காரு, வெளிச்சம் அவர் நெத்தியில விழுது. நீங்க கூட்டிட்டுப் போன ஆள் இன்னும் திரும்பி வரலைன்னு இந்தப் படம் சொல்லுது." எழுத்தரின் பக்கம் திரும்பினேன். "எழுதிக்குங்க. சொன்னது சயாமா நுவே."