பாண்டாவுக்கு முன்னால் ஒரு படம்

சிவகௌரி தன் நீண்ட பின்னலை முதுகிலிருந்து முன்னுக்கு இழுத்து, குளிர்ச்சட்டைக்குள் சொருகி, சிப்பைக் கழுத்துவரை ஏற்றினாள். பக்கத்தில் நின்ற அவளுடைய அண்ணன் அருந்தவன் அதைப் பார்த்தான். அடிலெய்ட் மிருகக்காட்சிசாலையில் அன்று நல்ல வெயில். காலையிலிருந்து திறந்து கிடந்த சட்டையை இப்போது ஏன் மூடுகிறாள் என்று நினைத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாண்டா சனத்துக்கு முதுகைக் காட்டி, சாப்பிட்டு முடித்த கிழவனைப் போலக் கால்களை விரித்து உட்கார்ந்து மூங்கிலைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடியும் விறகு முறிவதுபோலக் கேட்டது. தங்கையின் கண் பாண்டாவில் இல்லை. அது நிலைத்திருந்த திசையில் அருந்தவன் திரும்பினான். பாதை வளைவில் சேகர் வந்துகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளை ஷேர்ட், கையில் விலைச்சீட்டுக்கூடக் கழற்றாத பாண்டா பொம்மை, முகம் நிறையச் சிரிப்பு.

“நீங்கள்தான் கூப்பிட்டனீங்களோ, அண்ணா?” என்று கௌரி கேட்டாள். சத்தம் போடவில்லை.

அருந்தவன் எதற்கும் பதில் சொல்ல நேரம் எடுக்கிறவன். அவனுடைய மனைவி தாரிணி முந்திக்கொண்டாள். “பிள்ளையைப் பாக்கத்தானே வாறார். இவ்வளவு சனத்துக்கு முன்னால உன்னைக் கடிச்சுத் தின்னப் போறாரோ?”

சேகர் கௌரியின் புருஷன். அவளுக்குக் கிட்ட அவன் வரக்கூடாது என்று மெல்பேர்ன் கோர்ட் தடையுத்தரவு போட்டிருந்தது. அடுத்த கிழமை கடைசி விசாரணை. சமாதானமாகிவிட்டோம் என்று கௌரியே போய்ச் சொன்னால், சேர்ந்து நிற்கிற ஒரு படத்தையும் காட்டினால், உத்தரவு கழன்றுவிடும் என்று சேகருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சேகர் அருந்தவனுக்குச் சொன்னான். அருந்தவனுக்கு அது புதிய யோசனையாகப் படவில்லை. பிரிந்து நிற்கிற புருஷன் பெண்சாதியை ஒரு கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ தற்செயல்போலச் சந்திக்க வைத்து, ஒரே பந்தியில் இருத்தி, சுற்றிவர நின்று ஒரு படமும் எடுத்துவிட்டு, இனிப் பிரச்சினை இல்லை என்று கலைந்துபோவது அவனுடைய ஆட்கள் எப்போதும் செய்வதுதான். அப்படிச் சேர்த்து வைக்கப்பட்ட குடும்பங்கள் மெல்பேர்னில் அவர்கள் இருந்த கிரெய்கிபர்னிலேயே இருந்தன. நல்லாத்தான் இருக்கினம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் யாரும் கேட்டதில்லை. சேகர் நிற்பான் என்று தெரிந்ததிலிருந்து கௌரி கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் வருவதை விட்டுவிட்டாள். அதனால்தான் பாண்டா. மெல்பேர்னில் இல்லை, சிட்னியில் இல்லை, நாட்டிலேயே இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லி கௌரியின் மகள் வினுஷா நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாள் விடிய முன்னம் வெளிக்கிட்டு ஒரு பகல் முழுக்கக் கார் ஓடி வந்தார்கள். வரும் வழியில் கௌரி பின் சீற்றில் மகளோடு சேர்ந்து பாடினாள். கண்ணாடியில் அதைப் பார்த்தபோது, தான் செய்வது சரி என்றே அருந்தவன் நினைத்தான்.

அவனுக்குச் சேகரைப் பற்றி வேறொன்றும் தெரியும். அருந்தவனுடைய அப்பா பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது லீவு போட்டுவிட்டுச் சிட்னிக்குப் போய் இருந்தவன் சேகர். நர்ஸைக் கூப்பிடாமல் தானே அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தான், துடைத்தான், நகம் வெட்டினான், வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டான். அந்தக் கைகளை அருந்தவன் கண்ணால் பார்த்திருக்கிறான். கௌரியின் மணிக்கட்டை உடைத்ததைக் கண்ணால் பார்க்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று அவள்தான் முதலில் சொன்னாள். மணிக்கட்டுக்குள் தகடு வைத்துத் தைத்த பிறகும் அதையே சொன்னாள். பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி பொலிசுக்குப் போன் அடித்த பின்தான் வேறு கதை வந்தது. இரண்டில் எது உண்மை என்று தேடிப் பார்க்க அருந்தவன் விரும்பவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்காமல் இருந்தான்.

சேகர் வந்து வினுஷாவைத் தூக்கினான். பிள்ளை அழவில்லை, கையால் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. மரக்கட்டைபோல அவன் கையில் இருந்தாள். “அப்பாவுக்கு ஒரு கொஞ்சு?” என்றான். அவள் கன்னத்தைக் காட்டினாள். கொஞ்சி முடிந்ததும் இறங்கித் தாயின் கால்களுக்கு முன்னால் வந்து நின்றாள், காவலுக்கு நிற்பதுபோல.

கண்ணாடியருகே நின்ற பராமரிப்பாளப் பெண் சிறிய மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். இவை சீனாவின் சொத்து, பத்து வருஷ இரவலில் வந்தவை. ஆணும் பெண்ணும் வேறு வேறு கூட்டில்தான் இருக்கும். வருஷத்தில் ஓரிரு நாள் பெண் சம்மதமாக இருக்கும்போது மட்டும் நடுக்கதவைத் திறப்போம். மற்ற நாளில் சேர்த்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். பார்க்க மென்மையாக இருந்தாலும் இது கரடி.

“கேட்டனீங்களோ, கட்டின கையோட ரெண்டு வீடு. குடுத்து வச்சது,” என்றாள் தாரிணி.

“எனக்குப் பத்து வருஷம் தற்காலிகப் பிரிட்ஜிங் விசா. உவருக்கு வந்து இறங்கினவுடனே ஏசி போட்ட வீடும் சாப்பாடும்,” என்றான் சேகர். அருந்தவனுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. சேகர் எப்போதும் அப்படித்தான், எந்த இடத்தையும் லேசாக்கிவிடுவான். கௌரியைப் பார்த்து, “எப்பிடி இருக்கிறீர்?” என்று மரியாதையாகக் கேட்டான்.

கௌரி அருந்தவன் பக்கம் திரும்பினாள். “நான் போறன் அண்ணா. கார்த் திறப்பைத் தாங்கோ,” என்று சாவிக்குக் கையை நீட்டினாள்.

“ஒரே ஒரு படம்,” என்றான் அருந்தவன். “பிள்ளைக்காக. பிறகு போவம்.”

“ஐ டோன்ட் வான்ட் எ போட்டோ,” என்றாள் வினுஷா, பாண்டாவைப் பார்த்தபடி.

கௌரி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்ததுபோல அவனுக்குப் பட்டது. கடைசியில் ஏதோ ஒன்றைக் கைவிட்டவள்போலத் திரும்பிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்கு ஒரு பக்கம் சேகர், முன்னால் வினுஷா, பின்னால் பாண்டாவின் பெரிய முதுகு. அருந்தவன் போனை உயர்த்தினான். வெளிச்சம் கண்ணாடியில் பட்டு முகங்கள் தெளிவில்லாமல் இருந்ததால், இரண்டு விரலால் திரையை விரித்துக் கிட்டக் கொண்டுவந்தான். அப்போதுதான் கண்டான். கௌரி சிரித்தாள். சேகரும் சிரித்தான். கீழே, பிள்ளையின் தலைக்குப் பின்னால் பாதி மறைந்து, சேகரின் கை கௌரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பெருவிரல், தகடு வைத்துத் தைத்த தழும்பின்மேல் அழுந்திக்கொண்டிருந்தது. நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு. கௌரியின் சிரிப்பு கொஞ்சமும் மாறவில்லை. இந்தச் சிரிப்பு அருந்தவனுக்குத் தெரியும். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து பிறந்தநாள், பொங்கல், புதுவீடு என்று அவள் அனுப்பிய ஒவ்வொரு படத்திலும் இதே சிரிப்புத்தான் இருந்தது. நல்லா இருக்கிறாள் என்று அதை ஒவ்வொரு முறையும் தாரிணிக்குக் காட்டியிருக்கிறான். அவனுடைய விரல் தானாகப் படத்தை எடுத்தது.

சேகர் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். அது யாருக்கும் கேட்கவில்லை. கௌரி மற்றக் கையில் வைத்திருந்த பிள்ளையின் எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தலை ஓங்கி அவன் முகத்தில் அடித்தாள். மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் அருந்தவனுக்குக் கேட்டது. அவள் நிற்பாட்டவில்லை. வாயில் ஒன்று, நெற்றியில் ஒன்று. சேகரின் வெள்ளை ஷேர்ட்டில் இரத்தம் வடிந்து இறங்கியது. யாரோ ஒரு பெண் வீரிட்டாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சனம் பின்வாங்கியது. பாண்டா தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மூங்கிலைப் போட்டுவிட்டு உள்ளே போனது.

பிறகு சேகரின் கை அவளுடைய முதுகுப்பக்கம் போனது. யோசிக்காமல், பழகிய ஒரு பொருளை இருட்டில் எட்டி எடுப்பதுபோலப் போனது. அங்கே பின்னல் இல்லை. காற்றைப் பிடித்து ஏமாந்த அந்தக் கையைப் பார்த்தபோதுதான், அவள் ஏன் சிப்பை ஏற்றினாள் என்று அருந்தவனுக்கு விளங்கியது. சேகர் சட்டைக் கொலரைப் பிடித்து அவள் தலையைக் கண்ணாடியில் மோதினான். இரண்டாவது முறை மோதும்போது அருந்தவன் அவன்மேல் இருந்தான்.

தன் உடம்புக்குள் இப்படி ஒருவன் இருந்தது அவனுக்குத் தெரியாது. சேகரை நிலத்தில் விழுத்தி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, உடைந்த மூக்கிலேயே குத்தினான். கழுத்தைப் பிடித்து நெரித்தான். விரல்களுக்கு அடியில் குரல்வளை ஏறி இறங்கியது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. இன்னும் நெரிக்க வேண்டும் என்றிருந்தது. அப்பாவின் வாயில் தண்ணீர் விட்ட அந்தக் கைகள் இப்போது அவனுடைய மணிக்கட்டைப் பிறாண்டின. காவலாளிகள் இரண்டு பேர் அவனை இழுத்து எடுக்கும்வரை அவன் விடவில்லை. எழும்பி நின்றபோது வினுஷா தன்னைப் பார்ப்பதைக் கண்டான். தகப்பனைப் பார்த்த அதே பார்வை. மரக்கட்டைபோல, காதுகளை இரண்டு கையாலும் பொத்தியபடி நின்றாள்.

பொலிஸ் வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் கண்டதைச் சொன்னார்கள். அந்தப் பெண்தான் போத்தலால் முதலில் அடித்தாள், அவர் சிரித்துக்கொண்டு நின்றவர், பாவம். கௌரியை ஒரு மர வாங்கில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு பொலிஸ்காரன் நின்றான். அவளுடைய நெற்றி புடைத்துக் கறுத்திருந்தது. சேகர் துவாயால் மூக்கைப் பொத்தியபடி ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினான். குடும்பமாக வந்தோம், மனைவிக்கு மனம் சரியில்லை. பிறகு அருந்தவனைப் பார்த்துத் தமிழில், “மச்சான், நடந்தது நடந்து போச்சு. நீங்கள் கை வச்சதுக்கு நான் கேஸ் குடுக்கமாட்டன். எல்லாரும் சேர்ந்து வந்தனாங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. படமும் கிடக்குத்தானே,” என்றான்.

பொலிஸ்காரி அருந்தவனிடம் வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். அவள் காத்திருந்தாள். தாரிணி அவனுடைய முழங்கையைக் கிள்ளி, “ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. கூப்பிட்டது நீங்கள் எண்டு தெரிஞ்சால் உங்களையும் பிடிப்பாங்கள்,” என்று காதுக்குள் சொன்னாள். தூரத்தில் கௌரி இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. அவன் என்ன சொல்வான் என்று அவளுக்கு முன்பே தெரியும் என்பதுபோல நிலத்தைப் பார்த்திருந்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

போனை எடுத்தான். படத்தைத் திறந்து, மூன்று முகங்களையும் கடந்து கீழே நகர்த்தி, பெருவிரல் மட்டும் திரை நிறையும்படி விரித்துப் பொலிஸ்காரியிடம் நீட்டினான். தடையுத்தரவு இருக்கிறது என்றான். அவளுக்கு இவன் வருவது தெரியாது என்றான். நான்தான் வரச் சொன்னேன் என்றான். அவனுடைய ஆங்கிலம் ஒவ்வொரு சொல்லாக, கல் எடுத்து வைப்பதுபோல வந்தது. சேகர் தமிழில் ஒரு கெட்ட வார்த்தையால் அவனுடைய அம்மாவை இழுத்தான். தாரிணி கிள்ளுவதை விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றாள். பொலிஸ்காரி போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நீயும் எங்களோடு வரவேண்டியிருக்கும் என்றாள்.

கையைக் கழுவ வேண்டும் என்று கௌரி கேட்டாள். பாதையோரத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் பைப் இருந்தது. அவர்களுடைய உயரத்துக்கு வைத்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் தண்ணீர் வரும், விட்டால் நின்றுவிடும். அவள் முழங்காலை ஊன்றி இருந்து, ஒரு கையால் அழுத்தி மற்றக் கையைக் காட்டப் பார்த்தாள். தகடு வைத்த கைக்கு அழுத்தப் பலமில்லை. அருந்தவன் போய்ப் பக்கத்தில் குந்தினான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தள்ளவும் இல்லை. அவன் பொத்தானை அழுத்தினான். தண்ணீர் வளைந்து வந்து அவளுடைய விரல்களில் விழுந்தது. முதலில் சிவப்பாக ஓடியது. பிறகு வெளுத்தது. அவள் நகங்களுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள். முடிந்ததும் எழும்பினாள். வினுஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பொலிஸ்காரிக்குப் பின்னால் வெளிவாசல் படலையை நோக்கி நடந்தாள். அருந்தவன் குந்தியபடியே இருந்தான். பொத்தானை விடவில்லை. தண்ணீர் வளைந்து வந்து ஒருவருடைய கையிலும் விழாமல் ஓடிக்கொண்டிருந்தது.