பதினோரு அர்த்தங்களும் ஒரு தார்ப்பாயும்

"ஷெல்டர்னா என்னப்பா?" என்று மகள் ஒருநாள் கேட்டபோது, அகராதி தொகுக்கும் அப்பா பதினோரு அர்த்தங்களை எடுத்துவிட்டார். ஏழாவதிலேயே மகள் தூங்கிப்போனாள்.

பதினொன்றையும் தலையில் சுமந்தவர், அச்சகத்துக்குப் புறப்பட்ட அன்று குடையை மட்டும் மறந்துவிட்டார். பாதி வழியில் மழை கொட்டியது. கையில் அகராதியின் கையெழுத்துப் பிரதி, இரண்டு வருட உழைப்பு. வேறு பிரதி கிடையாது.

"என்ன சார், சிலை மாதிரி நனையுறீங்க? உள்ள வாங்க," என்றார் நடைபாதையில் சாவி செய்பவர். அவருடைய கிழிந்த தார்ப்பாய் ஒருவருக்கே போதாது.

"அப்ப உங்களுக்கு எடம்?"

"நான் என்ன கரைஞ்சா போயிடுவேன்? காகிதந்தான் கரையும்."

சொல்லிவிட்டு முக்காலியை மழைக்குள் தள்ளிப்போட்டு உட்கார்ந்துகொண்டார். பிரதியில் ஒரு சொட்டு விழவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் விடிந்ததும் அகராதிக்காரர் புதுத் தார்ப்பாயோடு அங்கே போனார். கடை மூடியிருந்தது. முடிச்சு என்ற சொல்லுக்கு ஆறு அர்த்தம் தெரிந்தவருக்கு, அதைக் கூரையாகக் கட்டும்போது கடைக் கம்பில் ஒரு முடிச்சு நிற்க முக்கால் மணி நேரம் பிடித்தது. தெருவில் ஒரு ஈ, காக்கை இல்லை. பார்த்தவர் கடவுள் மட்டும்தான், அவரும் சிரித்திருப்பார்.