குறைந்த மூன்று வருடம்

கமலாக்ஷி இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். அந்த நாட்டு அரசின் பென்ஷன் கிடைக்கப் பத்து வருடமாவது காப்பீட்டுத் தொகை கட்டியிருக்க வேண்டும். குறைந்த மூன்று வருடத்தை ஊரில் இருந்தபடியே கட்டலாம், ஏப்ரல் ஐந்துக்குள் பணம் வந்து சேர வேண்டும் என்று மார்ச் கடைசியில் மட்டாஞ்சேரிக்குக் கடிதம் வந்தது.

அவளுக்கு எழுபத்தொரு வயது. புருஷன் போன பிறகு அவருடைய தம்பி வெங்கிடேஷின் வீட்டில் பின்னறையில் இருந்தாள். பென்ஷன் வந்தால் கோவில் பக்கம் ஓர் அறை பார்த்துக்கொண்டு, வெங்கிடேஷின் மனைவி மாதுரியின் முகம் பார்க்காமல் சாப்பிடலாம். அதற்காகவே வளையல்களை விற்று வைத்திருந்தாள்.

கடிதம் வந்த மறுநாள் பாலக்காட்டில் வெங்கிடேஷின் மூத்த அண்ணா, பிள்ளையில்லாதவர், இறந்துபோனார்; வெங்கிடேஷ்தான் போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தான். வீட்டில் எல்லோருக்கும் பத்து நாள் தீட்டு.

ஐந்தாம் நாள் அடுத்த வீட்டு ஸுப்ரியா வந்தாள். ஜூ டவுன் தெருவில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கடையில் அவளுக்கு வேலை.

“மாமி, இன்னிக்கு அனுப்பினாத்தான் சமயத்துக்குச் சேரும். பணம் அனுப்பற ஃபாரம் கொண்டுவந்திருக்கேன். ஒரு ஒப்பு போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்.”

“கிட்ட வராதேடி, தீட்டு.”

“நான் ஆத்துக்குப் போய்க் குளிச்சுக்கறேன். இங்கிலாந்துக்காரனுக்கு எந்து தீட்டு?”

வெங்கிடேஷ் வெளியே வந்தான். முகத்தில் ஐந்து நாள் தாடி.

“மன்னி, அண்ணாவை எரிச்ச சூடு ஆறலை. இப்போ புதுசா ஒண்ணு தொடங்கினா விளங்குமா? பதினொண்ணு கழியட்டும், கேட்டேளா.”

கமலாக்ஷியும் அப்படித்தான் நம்பினாள். அவள் வேலை பார்த்த இடத்தில் சாவு என்றால் கேட்காமலே லீவு கொடுத்தார்கள். சாவு நடந்த வீட்டுக்கு ஒரு வாரம் பொறுக்கமாட்டார்களா? ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பதினோராம் நாள் தீட்டுக் கழியப் புண்யாஹ ஜலம் தெளித்த கையோடு போய்ப் பணம் அனுப்பினாள். மூன்று வாரத்தில் அது திரும்பி வந்தது. கெடு முடிந்துவிட்டது, அந்த வருடங்களுக்கு இனி எப்போதும் கட்ட முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

கடையில் ஸுப்ரியா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். அவள் கண் கலங்கியது.

“இப்பவே வந்து வெங்கிடேஷ் மாமா மூஞ்சிக்கு நேரே, உங்களாலேதான் போச்சுன்னு பறயறேன்.”

“வேண்டாம்டி. அண்ணாவுக்குக் கொள்ளி வச்ச கை. அதிலே இதையுமா வைக்கறது?”

“அப்போ உங்க கதி?”

“பகவான் இருக்கார். குளிச்சுக்கறேன்னு சொல்லிண்டு நீ வந்தியே, அது அவர் அனுப்பினதுதான். நான்தான் எடுத்துக்கலை.”

வீட்டில் வெங்கிடேஷ் கேட்டான். “பென்ஷன் எப்போலேர்ந்து வரும், மன்னி?”

“வராது. அங்கே ஒத்துக்கலை. நான் இங்கேயே இருந்துக்கட்டுமா?”

அவன் மாதுரியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். அரைமணி கழித்து அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“சேனை நறுக்க ஆளில்லை. மன்னியை வரச் சொல்லுங்கோ.”

கமலாக்ஷி போனாள். மாதுரி அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள், திரும்பவில்லை. ஆனால் அரிவாள்மணையைத் தரையிலிருந்து எடுத்து மூலையில் சாத்திவிட்டு, ஒரு கத்தியும் முழங்கால் வலிக்காமல் உட்கார ஒரு ஸ்டூலும் போட்டு வைத்திருந்தாள்.