சனிக்கிழமைச் சூலமும் ஆக்லாந்து விமானமும்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டிக்கெட் விசாரிக்க வெட்கப்பட்டுத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். காரைக்குடியில் டிராவல்ஸ் நடத்தும் பாண்டீஸ்வரியிடம் போய், ஒரு கதைக்காகக் கேட்கிறேன், திருச்சியிலிருந்து ஆக்லாந்து எவ்வளவு தூரம் என்றேன். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்றாள். கோலாலம்பூர் வரை நாலு மணி நேரம், அங்கே மாறி ஏறினால் இன்னும் பத்தரை. குறித்துக்கொண்டேன்.

2

தொடக்கம் (அ): இராமு விமானத்தில் ஏறினார். ஜன்னலுக்கு வெளியே மேகங்கள்...

(வேண்டாம். நான் விமானம் ஏறியதே இல்லை. மாட்டிக்கொள்வேன்.)

தொடக்கம் (ஆ): இராமுவுக்கு அறுபத்திரண்டு வயது. மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி சிட்டாள் ஏழு மாதமாக ஆக்லாந்தில் இருக்கிறாள். இவருக்கும் விசா வந்துவிட்டது, பறக்கத்தான் பயம். போன வாரம் சிட்டாள் போனில் கேட்டாள்: "பேரனைப் பாக்க வரவேணாம். என்னையப் பாக்க வாரீகளா, இல்லையா?" பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

இது இருக்கட்டும்.

3

பயந்தவர் என்று நேரடியாக எழுதினால் இராமுவுக்கு மரியாதை இல்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். இவருக்குச் சாக்காகச் சூலத்தைக் கொடுத்தேன். டிக்கெட் மலிவாகக் கிடைப்பது சனிக்கிழமை இரவு விமானத்துக்கு. சனிக்கிழமை கிழக்கே சூலம், ஆக்லாந்தோ கிழக்கு. ஆகவே இராமு போகவில்லை, சுபம். பாண்டீஸ்வரியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, நமக்குத் திருச்சி வடக்க. சனிக்கெழம வடக்க சூலமில்ல. பிளேன் ராத்திரி பன்னெண்டரைக்கு. அதுக்குள்ள ஞாயித்துக்கெழம பொறந்துரும். அப்பக் கெழக்க தாராளமாப் போகலாம்."*

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கதையில வர்றவருக்கும் உங்களுக்கு மாதிரியே இடது முழங்காலுதான் வலிக்குதா? கால் நீட்டுற சீட்டா ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கேன். ஆறு மணி வரைக்குந்தேன் தாங்கும். பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்டு வாங்க."

(* சூரியன் உதித்தால்தானே அடுத்த நாள் என்று கேட்கும் வாசகரே, அது எனக்கும் தெரியும். நான் அவளிடம் சொல்லவில்லை.)

4

முடிவு (அ): இராமு வீட்டிலேயே இருந்து, தானே காபி போட்டுக் குடிக்கிறார்.

(அடித்துவிட்டேன். ஏழு மாதமாகக் குடிக்கிறேன், வாயில் வைக்க முடியவில்லை.)

முடிவு (ஆ): ஆக்லாந்து. கண்ணாடிக் கதவு திறக்கிறது. சிட்டாள் நிற்கிறாள். முதல் வார்த்தையாக அவள்...

என்ன சொல்வாள்? இளைத்துவிட்டீர்கள் என்பாளா, ஏழு மாதக் கோபத்தையும் அங்கேயே கொட்டுவாளா? இந்த ஏழு மாதத்தில் அவள் முகத்தைப் போன் அளவுக்கு மேல் நான் பார்த்ததில்லை. திட்டினாலும் சரி, எதிரே நின்று கேட்க ஆசையாக இருக்கிறது.

இப்போது மணி ஐந்தே முக்கால். வாசலில் ஆட்டோ நிற்கிறது. சிட்டாளின் வசனத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கடுமையாகவே எழுதலாம், வாங்கிக்கொள்கிறேன். எனக்கு நேரமில்லை, நான் கிளம்ப