கண்டக்டர் அக்காவின் ஒரே சொல்

மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போடுவது தங்கையின் வேலை. மூளையில் ரத்தம் கசிந்து, ஆள் பிழைத்த பிறகும் நீங்காத பேச்சுக் கோளாறுக்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு. நாக்குக் குழறினால் ஒன்று, சொல்லே அகப்படாமல் போனால் வேறொன்று. எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த இரண்டாவது குறியீடு அவளுடைய அக்காவின் பெயருக்கே வந்து சேர்ந்தது.

அக்கா பஸ் கண்டக்டர். வாயாடி. படியில் தொங்குகிறவர்களை ஒரே அதட்டில் உள்ளே தள்ளிவிடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவளிடம் மிஞ்சியது ‘சும்மா’ மட்டும்தான். தண்ணீருக்கும் சும்மா, வலிக்கும் சும்மா.

அவளோடு பல வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர் ஒரு விடுமுறை நாளில் பார்க்க வந்தார். தங்கை வாசலிலேயே சொல்லி வைத்தாள்.

“அண்ணே, அக்காவால பேச முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க.”

“அட, நீ வேற! அவ பேசி நான் எப்ப கேட்டிருக்கேன்?”

அவரைக் கண்டதும் அக்கா, “சும்மா! சும்மா சும்மா!” என்று பொரிந்தாள்.

“லேட்டுதாம்மா. லீவு கிடைக்க வேணாமா?”

“சும்மாவா?”

“இளைச்சுட்டேனா? சுகரு.”

டீத்தட்டைக் கீழே வைக்க மறந்து தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம், விசாரிப்பு, கேலி எல்லாமே அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருந்தன.

அவர் கிளம்பும்போது அக்கா சுவரைப் பிடித்தபடி வாசல்வரை வந்தாள். டிரைவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். பழக்க தோஷம், போகாமல் திரும்பிப் பார்த்தார்.

“போலாம், ரைட்!”

கணீரென்று, எழுத்துப் பிசகாமல் வந்தது. அக்கா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள், உள்ளேயிருந்து வேறு யாரோ கத்தியதுபோல. டிரைவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதார்.

“இன்னொரு தடவை சொல்லும்மா.”

“சும்மா,” என்றாள். முகம் வாடிவிட்டது.

மறுநாள் தங்கை பேச்சுப் பயிற்சியாளரிடம் சொன்னபோது, “வாயில ஊறிப்போன பேச்சு மூளையில வேற வழியா வரும். நாமும் அந்த வழியாவே கூப்பிட்டுப் பார்க்கலாம்,” என்றார்.

அன்றிலிருந்து விடுமுறைதோறும் வாசலில் ஸ்கூட்டர் உறுமியது. ‘தண்ணீர்’ இன்னும் வரவில்லை. ஆனால் சாப்பாடு ஆறுகிறது என்றால், கணினியை விட்டு எழாத தங்கையைப் பார்த்து அக்கா குரல் கொடுக்கிறாள்: “உள்ள வாங்க, உள்ள வாங்க! இடம் இருக்கு!”